‘குறிச்சொற்களைப் புதுப்பிக்கும்’: ஏஐ ஏஜென்டுக்கான கருவி விளக்கங்களைத் திருத்தி எழுதிய அனுபவம்

ஒன்பது கட்டுரைகளுக்கு ஒரு புதிய குறிச்சொல்லைச் சேர்க்கும்படி ஏஜென்டிடம் சொன்னேன். சேர்த்துவிட்டதாகப் பதில் வந்தது, உண்மையாகவே சேர்த்தும் இருந்தது. ஆனால் அந்த ஒன்பது கட்டுரைகளிலும் பல ஆண்டுகளாக இருந்துவந்த பழைய குறிச்சொற்கள் அனைத்தும் காணாமல் போயிருந்தன.

நான் பராமரிப்பது வேர்ட்பிரஸ் என்ற தள நிர்வாக மென்பொருளில் இயங்கும் ஓர் இதழின் தளம். ஆசிரியர் குழுவினர் எழுதிச் சொல்வதைக் கேட்டுத் தளத்தில் வேலை செய்யும் ஏஜென்ட் ஒன்றை அமைக்க, வேர்ட்பிரஸின் ரெஸ்ட் ஏபிஐக்கு (வெளி நிரல்கள் தளத்தைப் படிக்கவும் மாற்றவும் உதவும் வாசல்) மேலே ஒரு சிறிய எம்சிபி சர்வரை எழுதியிருந்தேன். எம்சிபி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால். தன்னிடம் என்னென்ன கருவிகள் உள்ளன என்பதை ஒரு சர்வர், ஏஜென்டின் மூளையாக இயங்கும் ஏஐ மொழி மாதிரிக்குத் தெரிவிப்பதற்கான பொது முறை. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன உள்ளீடுகளை எந்த வடிவில் தர வேண்டும் என்று கூறும் ஜேசன் ஸ்கீமா ஆகிய மூன்றும் முக்கியமாகப் போய்ச் சேர்கின்றன. கருவிக்குப் பின்னால் நான் எழுதிய நிரல் மாதிரியின் கண்ணுக்குத் தெரியாது. அந்த நிரலை எழுதியபோது என் மனத்தில் இருந்தவையும் தெரியாது. இதை அறிந்திருந்தும், விளக்கங்களை நிரலில் எழுதும் குறிப்புரையைப் போலக் கருதி, கருவிக்கு ஒரு வரியாக எழுதிவைத்திருந்தேன்.

சேதத்தை முதலில் சரிசெய்ய வேண்டியிருந்தது. வேர்ட்பிரஸின் திருத்த வரலாற்றைத் திறந்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அந்த வரலாறு தலைப்பு, உள்ளடக்கம், சுருக்கம் ஆகியவற்றைத்தான் சேமிக்கிறது. குறிச்சொற்களும் பகுப்புகளும் அதில் இல்லை. ஆகவே முந்தைய இரவின் தரவுத்தளக் காப்பு நகலைத் தனியாக ஓரிடத்தில் விரித்து, எந்தப் பதிவுக்கு எந்தச் சொல் என்ற உறவுகளை வைத்திருக்கும் அட்டவணையிலிருந்து அந்த ஒன்பது கட்டுரைகளுக்கு உரிய வரிகளை மட்டும் எடுத்து மீண்டும் சேர்த்தேன்.

பிறகு ஏஜென்ட் அனுப்பிய அழைப்பைப் பார்த்தேன். பதிவின் எண், குறிச்சொற்கள் என்ற புலத்தில் புதிய குறிச்சொல்லின் எண் மட்டுமே கொண்ட பட்டியல், அவ்வளவுதான். வேர்ட்பிரஸைப் பொறுத்தவரை அந்தப் புலத்தில் வரும் பட்டியல்தான் இனி அந்தப் பதிவின் முழுப் பட்டியல். அதில் இல்லாதவை நீங்கிவிடும். எனக்கு இது தெரியும். கருவிக்கு நான் எழுதியிருந்த விளக்கமோ ‘ஒரு பதிவின் குறிச்சொற்களைப் புதுப்பிக்கும்’ என்பது மட்டுமே. ‘புதுப்பிக்கும்’ என்ற சொல்லுக்குச் சேர்ப்பது என்றும் பொருள் கொள்ளலாம், மாற்றி எழுதுவது என்றும் பொருள் கொள்ளலாம். ஏஜென்ட் முதற்பொருளைக் கொண்டது. அதே விளக்கத்தை மட்டும் படித்திருந்தால் நானும் அப்படியே செய்திருப்பேன்.

விளக்கத்தை இவ்வாறு மாற்றி எழுதினேன். சர்வரில் அது ஆங்கிலத்தில் உள்ளது. பொருளைத் தமிழில் தருகிறேன். ‘பதிவின் குறிச்சொல் பட்டியலை முழுவதுமாக மாற்றி எழுதும். அனுப்பும் பட்டியலில் இல்லாத பழைய குறிச்சொற்கள் நீங்கிவிடும். நீங்கியவற்றைத் திருத்த வரலாற்றிலிருந்து மீட்க இயலாது. ஒரு சொல்லைச் சேர்ப்பதாக இருந்தால், முதலில் பதிவைப் படித்து, இப்போதுள்ள எண்களுடன் புதிய எண்ணையும் சேர்த்து அனுப்பவும்.’ இது சரியான விளக்கம்தான். ஆனால் எழுதி முடித்துப் படித்தபோது, இத்தனை எச்சரிக்கை தேவைப்படும் கருவியை ஏன் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. முழுப் பட்டியலையும் மாற்றி எழுதும்படி ஆசிரியர் குழுவில் யாரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவர்கள் கேட்பது ஒன்றைச் சேர்ப்பதும் ஒன்றை நீக்குவதும்தான். அந்தக் கருவியை அகற்றிவிட்டு, ‘குறிச்சொல் சேர்’, ‘குறிச்சொல் நீக்கு’ என்று இரண்டை எழுதினேன். பழைய பட்டியலைப் படித்து இணைக்கும் வேலையை நிரலே செய்துகொள்கிறது. இரண்டுக்கும் விளக்கம் ஒவ்வொரு வரிதான், அந்த வரியில் இரு பொருளுக்கு இடமில்லை. விளக்கம் எழுத வரவில்லை என்றால் பெரும்பாலும் குறை கருவியின் வடிவத்தில்தான் இருக்கிறது என்பதை அன்று கண்டுகொண்டேன். மற்ற 13 கருவிகளையும் இந்த ஒரே கேள்வியுடன் எடுத்துப் பார்க்க முடிவு செய்தேன்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் தளத்தின் நகல் ஒன்றைச் சோதனைக்காக அமைத்தேன். குழுவினர் கடந்த காலத்தில் எனக்கு அனுப்பியிருந்த செய்திகளிலிருந்து 30 கட்டளைகளை, அவர்கள் எழுதியபடியே, எழுத்துப்பிழைகளோடு எடுத்துக்கொண்டேன். நானே கற்பனையாக எழுதும் கட்டளைகள் கருவியின் பெயரையே எதிரொலிக்கும் என்பதால் அவற்றால் எதையும் சோதிக்க முடியாது. ஒவ்வொரு கட்டளையையும் மூன்று முறை ஓட்டினேன். ஒரே கட்டளைக்கு மாதிரி ஒவ்வொரு முறையும் ஒரே வழியில் செல்வதில்லை. ஏஜென்ட் முதலில் எந்தக் கருவியை எடுத்தது, என்ன உள்ளீடு தந்தது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டதா ஆகிய மூன்றையும் குறித்துக்கொண்டேன். ஒரு சுற்றில் ஒரு விளக்கத்தை மட்டுமே மாற்றினேன். அவசரத்தில் இரண்டை ஒன்றாக மாற்றிய ஒரு மாலையில், எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் மறுபடியும் முதலிலிருந்து ஓட்ட நேர்ந்தது.

அடுத்து வந்தது தேதி. ‘வரும் திங்கள் காலை 6 மணிக்கு வெளியாகும்படி வையுங்கள்’ என்பது குழுவினர் அடிக்கடி கேட்பது. சோதனைத் தளத்தில் இதைக் கொடுத்ததும், ஏஜென்ட் கட்டுரையின் நிலையை ‘எதிர்காலம்’ என்று குறித்து, ஒரு திங்கட்கிழமையின் தேதியையும் சரியான மணியையும் அனுப்பியது. கட்டுரை அந்தக் கணமே வெளியாகிவிட்டது. அனுப்பிய திங்கட்கிழமை போன ஆண்டைச் சேர்ந்தது. நிலை ‘எதிர்காலம்’ என்று இருந்து, தேதி கடந்துபோனதாக இருந்தால், வேர்ட்பிரஸ் அதை மறுப்பதில்லை. நிலையைத் தானாகவே ‘வெளியீடு’ என்று மாற்றிக்கொள்கிறது. மனிதர் ஒருவர் நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறிக்கும்போது இந்த நடத்தையால் தொல்லை இல்லை. இன்று என்ன தேதி என்பதையே அறியாத ஒன்று அதே வாசலில் வந்து நிற்கும்போது அது ஆபத்தாகிறது.

முதலில் விளக்கத்தில் ‘எதிர்காலத் தேதியை மட்டுமே தரவும்’ என்று சேர்த்தேன். ஒரு பயனும் இல்லை. தான் தந்தது எதிர்காலத் தேதி என்றே மாதிரி நம்பியிருந்தது. நாம் எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும், தன்னிடம் இல்லாத ஒரு தகவலை மாதிரியால் உருவாக்கிக்கொள்ள முடியாது. அதை நாம்தான் கொடுக்க வேண்டும். எனவே தளத்தின் இப்போதைய நேரத்தையும் நேர மண்டலத்தையும் தரும் ஒரு கருவியை எழுதி, கால நிர்ணயக் கருவியின் விளக்கத்தில் ‘நேரத்தைக் கணக்கிடுவதற்கு முன் இதை அழைக்கவும்’ என்று சேர்த்தேன். அதோடு, கடந்துபோன தேதி வந்தால் வேர்ட்பிரஸுக்கு அனுப்பாமல் என் சர்வரே மறுத்து, ‘தளத்தின் நேரம் இப்போது இது, அனுப்பிய நேரம் இதற்கு முந்தையது, எதுவும் மாற்றப்படவில்லை’ என்று பதில் தரும்படி செய்தேன். ‘எதுவும் மாற்றப்படவில்லை’ என்ற அந்தச் சொற்றொடர் முக்கியமானது. அது இல்லாத சுற்றுகளில், பாதி வேலை நடந்திருக்குமோ என்று ஏஜென்ட் பதிவைத் தேடிச் சென்று தேவையற்ற திருத்தங்களைச் செய்தது.

நேர மண்டலத்திலும் ஒரு நுட்பம் உண்டு. தேதிப் புலத்தில் மண்டலக் குறி இல்லாமல் நேரம் வந்தால் வேர்ட்பிரஸ் அதைத் தளத்தின் நேரமாகக் கொள்கிறது. குறி இருந்தால் அந்தக் குறியின்படி மாற்றிக்கொள்கிறது. மாதிரிகள் பழக்கத்தால் உலகப் பொது நேரக் குறியை ஒட்டி அனுப்பிவிடுகின்றன. ஸ்கீமாவில் அந்தப் புலத்தின் விளக்கத்தில் ‘தளத்தின் உள்ளூர் நேரம், மண்டலக் குறி இல்லாமல்’ என்று எழுதி, அருகிலேயே ஒரு நேரத்தை எடுத்துக்காட்டாகவும் தந்தேன். கருவியின் பொது விளக்கத்தில் இதை எழுதியபோது சில முறை தவறியது, புலத்தின் அருகில் எழுதியபின் தவறவில்லை. ஓர் உள்ளீட்டைப் பற்றிய செய்தி அந்த உள்ளீட்டின் விளக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதை அதன்பின் எல்லாக் கருவிகளிலும் பின்பற்றினேன்.

பதிவு நிலைகளைப் பற்றி ஒரு சொல். வேர்ட்பிரஸ் ஐந்து நிலைகளை ஏற்கிறது. நான் ஐந்தையும் ஸ்கீமாவில் தெரிவுகளாக வைத்திருந்தேன். குழுவினர் பயன்படுத்துவது மூன்றைத்தான். மற்ற இரண்டையும் எடுத்தேன், அவற்றைப் பற்றி எழுதிவைத்திருந்த இரண்டு வாக்கியங்களும் தேவையற்றுப் போயின.

நீக்கும் கருவிதான் என்னை அதிகம் கவலைகொள்ள வைத்தது. பதிவுகளைப் பொறுத்தவரை பெரிய ஆபத்து இல்லை. சாதாரணமாக நீக்கினால் அவை குப்பைத்தொட்டிக்குச் செல்லும், வேர்ட்பிரஸின் இயல்பு அமைப்பில் 30 நாட்கள் அங்கே இருக்கும். படங்களின் நிலை வேறு. ஊடகக் கோப்புகளுக்கு இயல்பாகக் குப்பைத்தொட்டி கிடையாது. ‘பயன்படாத படங்களை நீக்கி இடத்தை மிச்சப்படுத்துங்கள்’ என்ற கட்டளையைச் சோதனைத் தளத்தில் ஓட்டியபோது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ஏஜென்ட் முதல் படத்துக்குச் சாதாரண நீக்க அழைப்பை அனுப்பியது. வேர்ட்பிரஸ் 501 என்ற பிழை எண்ணுடன், இந்த வகைக்குக் குப்பைத்தொட்டி வசதி இல்லை, நீக்குவதற்கு ‘ஃபோர்ஸ்’ (கட்டாய நீக்கம்) புலத்தை உண்மை என்று வைக்கவும் என்ற பொருளில் பதில் தந்தது. அடுத்த அழைப்பிலேயே ஏஜென்ட் அப்படியே வைத்தது. படமும் அதன் சிறிய அளவுப் பிரதிகளும் வட்டிலிருந்து போய்விட்டன. அதற்கடுத்த படத்துக்கு முதல் முயற்சியையே தவிர்த்து, நேராக ஃபோர்ஸுடன் அனுப்பியது.

நான் விளக்கத்தில் ‘நிரந்தர நீக்கத்தைத் தவிர்க்கவும்’ என்று எழுதியிருந்தேன். ஆனால் பிழைச் செய்தி அதைவிட அண்மையில், அதைவிடத் தெளிவான கட்டளையாக வந்து சேர்ந்தது. நிரலாளர் ஒருவருக்கு உதவியாக எழுதப்பட்ட நல்ல பிழைச் செய்தி அது. ஏஜென்டுக்கோ அதுவும் ஒரு கருவி விளக்கம்தான். விளக்கங்களைத் திருத்தத் தொடங்கியபோது பெயருக்குக் கீழே உள்ள பத்தியைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். கருவி திருப்பித் தரும் ஒவ்வொரு சொல்லும் அந்தப் பத்தியின் தொடர்ச்சி என்பதை இந்தப் படங்கள்தான் எனக்குக் காட்டின.

அந்தக் கட்டளையில் இன்னொரு பிழையும் ஒளிந்திருந்தது, இது இன்னும் ஆழமானது. எந்தப் படம் பயன்படாதது என்று ஏஜென்ட் எப்படி முடிவு செய்தது? ஊடகப் பட்டியலில் ‘தாய்ப் பதிவு’ என்ற புலம் பூஜ்யமாக இருந்த படங்களை எல்லாம் எடுத்துக்கொண்டது. அந்தப் புலம் சொல்வது, அந்தப் படம் ஏதேனும் ஒரு பதிவுடன் இணைக்கப்பட்டுள்ளதா என்பதை மட்டுமே. ஊடக நூலகத்தில் நேரடியாக ஏற்றிவிட்டுப் பிறகு 20 கட்டுரைகளில் பயன்படுத்திய படத்துக்கும் அது பூஜ்யமாகவே இருக்கலாம். எங்கள் தளத்தின் முகப்புச் சின்னமும் அந்த நீக்கப் பட்டியலில் இருந்தது. பட்டியல் கருவியின் விளக்கத்தில் இப்போது இவ்வாறு உள்ளது: ‘தாய்ப் பதிவு பூஜ்யமாக இருந்தால் படம் எந்தப் பதிவுடனும் இணைக்கப்படவில்லை என்று மட்டுமே பொருள், அது பயன்படாதது என்று பொருளல்ல. ஒரு படம் எங்கும் பயன்படவில்லை என்பதை இந்தக் கருவியால் உறுதிசெய்ய முடியாது.’ கடைசி வாக்கியத்தைச் சேர்த்தபின் அதே கட்டளைக்கு ஏஜென்ட் படங்களைத் தொடவில்லை. உறுதிசெய்ய வழியில்லை என்று தெரிவித்து, சந்தேகத்துக்கு உரியவற்றின் பட்டியலைத் தந்தது. ஒரு கருவியால் என்ன இயலாது என்பதை எழுதினால் அதன் மதிப்பு குறையும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன்.

இவ்வளவு எழுதினாலும் விளக்கம் ஒரு பூட்டு அல்ல. ஃபோர்ஸ் புலத்தை ஸ்கீமாவிலிருந்து அகற்றியதோடு நில்லாமல், என் சர்வர் அதை எந்நிலையிலும் அனுப்பாதபடி செய்தேன். படங்களை நீக்கும் கருவியே இப்போது இல்லை. ‘நீக்கப் பரிந்துரை’ என்ற கருவி பெயர்களையும் காரணங்களையும் ஒரு வரைவில் எழுதிவைக்கும், மனிதர் பார்த்து நீக்குவார். எம்சிபியின் 2025 மார்ச் பதிப்பிலிருந்து, ஒரு கருவி படிக்க மட்டுமா, அழிக்கக் கூடியதா, திரும்பத் திரும்ப அழைத்தாலும் விளைவு ஒன்றேயா என்பன போன்ற குறிப்புகளையும் இணைக்க முடிகிறது. எல்லாக் கருவிகளுக்கும் அவற்றை நிரப்பினேன். ஆயினும் அவை குறிப்புகளே. அவற்றை மதித்து உறுதி கேட்பதும் கேட்காததும் ஏஜென்டை இயக்கும் மென்பொருளின் கையில் உள்ளது. அதனால் ஏஜென்ட் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் கணக்கையும் நிர்வாகி நிலையிலிருந்து இறக்கினேன். வாசகர் கருத்துகளைப் படிக்கும் கருவி இருப்பதால் இது கட்டாயம்: முன்பின் தெரியாத ஒருவர் எழுதிய வரிகள் ஏஜென்டின் முன் சென்று நிற்கின்றன, அந்த வரிகளும் கட்டளை வடிவில் இருக்கக்கூடும்.

பட்டியல் கருவியில் இருந்த பிழை சிறியது. ‘இந்தப் பகுப்பில் எத்தனை கட்டுரைகள்’ என்று கேட்டால் எப்போதும் 10 என்றே விடை வந்தது. ரெஸ்ட் ஏபிஐ ஒரு முறைக்கு இயல்பாக 10, அதிகம் போனால் 100 பதிவுகளைத் தரும். மொத்த எண்ணிக்கையை விடையின் ஹெடர் என்ற முன்பகுதியில் தனியாக அனுப்பும். அந்தப் பகுதியை என் நிரல் எறிந்துவிட்டிருந்தது. விடையின் முதல் வரியில் ‘மொத்தம் இவ்வளவு, இங்கே இவ்வளவு’ என்று வரும்படி மாற்றியதும் தீர்ந்தது. விளக்கத்தைத் தொடவே இல்லை.

சொற்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. விளக்கங்கள் ஆங்கிலத்தில், கட்டளைகள் தமிழில். ‘அந்தக் கட்டுரையை எடுத்துவிடுங்கள்’ என்று ஆசிரியர் எழுதினால், தளத்தில் யார் கண்ணிலும் படாமல் செய்யுங்கள் என்று பொருள். அழித்துவிடுங்கள் என்று பெரும்பாலும் பொருளல்ல. ‘போடுங்கள்’ என்பது புதிய கட்டுரைக்கு வெளியிடுவதையும் படத்துக்கு உள்ளே சேர்ப்பதையும் குறிக்கும். ‘பக்கம்’ என்பதோ எல்லாவற்றுக்கும் வரும். வேர்ட்பிரஸில் பக்கமும் பதிவும் வேறு வேறு வாசல்கள், ஒன்றின் எண்ணை மற்றொன்றில் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்ற பதில்தான் வரும். ஏஜென்ட் அந்தப் பதிலை நம்பி, கட்டுரை நீக்கப்பட்டுவிட்டதாக ஒருமுறை ஆசிரியரிடம் சொல்லிவிட்டது. இரண்டையும் தேடும் ஒரே கருவியாக இதைச் சேர்த்துவிட்டேன். ‘எடுத்துவிடு’ என்பதற்கு மட்டும் சொற்களே தேவைப்பட்டன. வரைவாக மாற்றும் கருவியின் விளக்கத்தில், ஆங்கில வாக்கியங்களுக்கு நடுவே, ‘எடுத்துவிடுங்கள்’, ‘நிறுத்திவையுங்கள்’, ‘மறைத்துவையுங்கள்’ என்ற சொற்களைத் தமிழிலேயே எழுதி, இவற்றுக்கு இந்தக் கருவி என்று குறித்தேன். குப்பைத்தொட்டிக் கருவியில் ‘அழித்துவிடுங்கள்’, ‘நீக்கிவிடுங்கள்’ என்ற சொற்களுக்கு மட்டும் என்றேன். குழுவினர் உண்மையில் எழுதும் சொல்லை அப்படியே விளக்கத்தில் வைப்பதைப் போல உடனடியாகப் பலன் தந்த மாற்றம் வேறொன்றும் இல்லை.

எல்லாவற்றையும் நீளமாக எழுதவும் முடியாது. நான் பயன்படுத்தும் அமைப்பில் எல்லாக் கருவிகளின் விளக்கங்களும் ஒவ்வொரு உரையாடலிலும் மாதிரியின் முன் வைக்கப்படுகின்றன. அவை அடைக்கும் இடம் கட்டுரைக்கும் உரையாடலுக்கும் இல்லாமல் போகிறது. ஒரு வாக்கியத்தை எடுத்துவிட்டு அதே கட்டளைகளை ஓட்டிப் பார்ப்பேன்; நடத்தை மாறாவிட்டால் அந்த வாக்கியம் போகும். ‘இது சக்திவாய்ந்த கருவி’, ‘கவனமாகப் பயன்படுத்தவும்’ என்பன போன்றவை எல்லாம் இந்தச் சோதனையில் போயின. எதில் கவனம் என்று சொல்லாத கவனம் யாருக்கும் உதவவில்லை.

இன்னும் தீராத ஒன்று கேஷ், அதாவது பக்கங்கள் விரைவாகத் திறக்கத் தளம் சேமித்துவைக்கும் நகல்கள். ஏஜென்ட் ஒரு தலைப்பைத் திருத்திவிட்டு, சரியாக மாறியதா என்று தளத்தின் பொது முகவரியைத் திறந்து பார்க்கிறது. கேஷில் பழைய பக்கமே இருப்பதால், மாறவில்லை என்று கருதி மீண்டும் திருத்துகிறது. ஒரு கட்டுரையில் இப்படி ஆறு திருத்தங்கள் சேர்ந்துவிட்டன. திருத்தும் கருவியின் விடையில் ‘தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டது, சேமித்த தலைப்பு இது, பொதுப் பக்கத்தில் தெரியச் சில நிமிடங்கள் ஆகலாம்’ என்று சேர்த்தேன், ஆறு இரண்டாகக் குறைந்தது. சேமித்ததும் அந்தப் பக்கத்தின் கேஷை நிரலே அழித்துவிடும்படி செய்தால் இந்த வாக்கியமும் வேண்டியதில்லை. அதைத்தான் இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறேன். முகப்புப் பக்கம், பகுப்புப் பக்கங்கள், ஆர்எஸ்எஸ் ஓடைகள் என்று ஒரு தலைப்பு தெரியும் இடங்கள் எத்தனை என்பதை இன்னும் எண்ணி முடிக்கவில்லை.